சுவரில் மாட்டிய ஆமையும் பேய்க்கணவாயும்: காகிதக்கூழ்க் கடல் உருவங்களில் நேரும் பழுதுகளைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

காகிதக்கூழால் செய்து சுவரில் மாட்டும் கடல் உருவங்களில் பழுது தெரிகிற இடம் ஒன்றாகவும் பழுது பிறந்த இடம் வேறொன்றாகவும் இருக்கும். ஆமையின் ஓட்டில் சாயம் உரிந்தால் சாயத்தைக் குறை சொல்கிறோம். திருக்கையின் சிறகு வளைந்தால் கம்பியைக் குறை சொல்கிறோம். பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு வீட்டில் இந்த உருவங்களைச் செய்துவருகிறேன். கெட்டுப்போனவற்றை அறுத்துப் பார்த்தபோதெல்லாம் பெரும்பாலும் ஒரே காரணம்தான் கண்ணில் பட்டது: மேற்பரப்பு காய்ந்து, உட்பகுதி ஈரமாகவே இருந்திருக்கிறது. அந்த ஈரம் எந்த வழியாக வெளியேறப் பார்த்தது என்பதைப் பொறுத்து வெடிப்பாகவோ வளைவாகவோ பூசணமாகவோ கறையாகவோ அது தலைகாட்டுகிறது. அதனால் கீழே உங்களுக்கு வேண்டிய அறிகுறிக்கு நேராகச் செல்லும் முன், ஈரத்தைச் சோதிக்கும் முதற்பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

நான் கையாளும் கலவையைச் சொல்லிவிட்டால் மற்ற அளவுகள் விளங்கும். 100 கிராம் செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவைத்து, அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்துகொள்வேன். அதனுடன் சுமார் 150 கிராம் சாக்குப் பொடியும் 80 மில்லி பெவிகாலும் அரைக் கிண்ணம் மைதாப் பசையும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைவேன். உள்ளே அட்டையும் கம்பியும் எலும்புக்கூடு, அதன்மேல் கூழ், கூழின்மேல் பட்டி (சாக்குப் பொடியும் பசையும் குழைத்த மெல்லிய பூச்சு), அதன்மேல் சாயமும் வார்னிஷும். உங்கள் அளவு இதிலிருந்து சற்று மாறியிருந்தாலும் பழுதுகளின் போக்கு மாறாது.

முதலில் செய்யவேண்டிய சோதனை: உள்ளே ஈரம் இருக்கிறதா?

தொட்டுப் பார்த்து ஈரத்தை அறிய முடியாது. கூழின் மேற்பரப்பு ஒரே நாளில் ஓடுபோல் இறுகிவிடும். அந்த இறுக்கமே உள்ளீரத்தை அடைத்துவைக்கும். நம்பத்தக்க வழி எடை பார்ப்பதுதான். சமையலறைத் தராசில் உருவத்தை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் போகப்போக எடை குறையும். தொடர்ந்து மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தராசில் அடங்காத பெரிய உருவமாக இருந்தால், அதன் பருத்த பகுதியின்மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறத்தில் மங்கலாக நீர் பூத்திருந்தால் இன்னும் சாயம் பூசும் நாள் வரவில்லை.

விரல் கணுவால் தட்டிப் பார்ப்பதும் உதவும். காய்ந்த கூழ், காலி தீப்பெட்டியைத் தட்டினால் வருவதுபோல் லேசான, தெளிவான ஒலி தரும். ஈரக் கூழ் அமுங்கிய ஒலி தரும். ஓர் ஆமை ஓட்டின் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை தட்டிக்கொண்டே போனால் ஒலி மாறும் இடத்தில் ஈரம் தொடங்குகிறது என்று கண்டுகொள்ளலாம். நாலைந்து உருவங்களில் பழகினால் காது பிடிபட்டுவிடும்.

மேற்பரப்பில் வெடிப்பு விழுகிறது

வெடிப்பின் வடிவத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வறண்ட ஏரிப் படுகைபோல் எல்லாப் பக்கமும் நுண்ணிய கீறல்கள் பரவியிருந்தால், அது பட்டியில் வந்த கோளாறு: சாக்குப் பொடி அதிகமாகவும் பசை குறைவாகவும் இருந்திருக்கிறது, அல்லது பட்டியை ஒரே பூச்சில் தடிமனாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டு, பெவிகாலில் பாதி அளவு நீர் கலந்து ஒருமுறை தடவிக் காயவிட்டு, பிறகு தபால் அட்டைத் தடிமனுக்கு மேற்படாமல் இரண்டு மூன்று முறையாகப் பட்டி பார்த்தால் போதும்.

கை அல்லது துடுப்பின் நீளவாக்கில் ஒரே நேர்க்கோடாக வெடித்திருந்தால் அதன் அடியில் கம்பி ஓடுகிறது என்று பொருள். கூழ் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. அந்த இழுபறியில் கூழ் மெலிந்த இடத்தில் கிழிகிறது. இதை மேலே பட்டி பூசி மறைத்தால் சில வாரங்களில் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். கோட்டை ஒரு கத்திமுனையால் ஆங்கில எழுத்து வி போன்ற பள்ளமாக அகலப்படுத்தி, கம்பி தெரியும்வரை இறங்கி, பெவிகாலில் நனைத்த மெல்லிய காடாத்துணிப் பட்டையைக் கம்பியைச் சுற்றி ஒட்டி, காய்ந்தபின் கூழால் நிரப்புங்கள். கம்பிக்கும் கூழுக்கும் நடுவே துணியோ நூலோ இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. புதிதாகச் செய்யும்போது எல்லாக் கம்பியிலும் பருத்தி நூலையோ செய்தித்தாள் பட்டையையோ சுற்றிவிடுவது எனக்கு இப்போது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

மூன்றாவது வகை, உடலோடு கை சேருமிடத்தில் வளையமாக விழும் வெடிப்பு. பேய்க்கணவாயில் (ஆக்டோபஸ்) இது மிகுதி. எட்டுக் கைகளும் மெல்லியவை, அவை ஒன்றரை நாளில் காயும். உடல் காய ஒரு வாரம் ஆகும். முன்னால் காய்ந்த கை, இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் உடலிலிருந்து பிரிகிறது. தடிமனான உடலை முதலில் செய்து, முழுவதும் காயவைத்து, பிறகு கைகளைச் சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. கொலுப் பொம்மை செய்வோர் கூழை அச்சில் மெல்லிய ஓடாக அழுத்தி, இரு பாதிகளாகக் காயவைத்து, உள்ளே வெறுமையாகவே விட்டு ஒட்டுவதன் நுட்பமும் இதுதான்: எங்கும் ஒரே தடிமன், அதனால் எங்கும் ஒரே வேகத்தில் காய்தல். புதுச்சேரிப் பகுதியின் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. அந்த மரபிலிருந்து வீட்டில் செய்பவர்கள் எடுத்துக்கொள்ளவேண்டிய முதல் பாடம் வண்ணம் தீட்டுவதைக் காட்டிலும் இந்த வெறுமைதான் என்று நான் கருதுகிறேன். பருத்த உருவம் வேண்டுமென்றால் உள்ளே கசக்கிய காய்ந்த தாளையோ அட்டையையோ அடைத்து, கூழை ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பூசுங்கள். அது காய்ந்தபின் அடுத்த பூச்சு.

இன்னொன்றும் உண்டு. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரையில் வைத்துக் காயவைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். மேலோடு இறுகி, உள்ளே நீர் சிறைப்பட்டு, அடுத்த வாரம் வெடிக்கும். முதல் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டத்தில் வைத்து, மூன்றாம் நாள் காலை இளவெயிலுக்கு எடுங்கள்.

உருவம் வளைந்து சுவரை விட்டு விலகுகிறது

சுவர் உருவங்களுக்கே உரிய பழுது இது. மேசையில் நிற்கும் பொம்மைக்கு இது வராது. சுவரோடு படியும்படி அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால், தரையில் வைத்துக் காயவைக்கும்போது மேற்பக்கம் மட்டும் காற்றுப் பட்டுச் சுருங்குகிறது. விளிம்புகள் மேல்நோக்கித் தூக்கிக்கொள்கின்றன. திருக்கையின் அகன்ற சிறகிலும் ஆமையின் முன்துடுப்பிலும் இதை முதலில் காண்பீர்கள். கம்பிவலை பதித்த சட்டத்தின்மேலோ பழைய சல்லடையின்மேலோ வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் இது நேராது.

வளைந்துபோனதை நிமிர்த்தவும் முடியும், சாயம் பூசாதவரை. வளைவின் உட்புறத்தில், அதாவது அதிகமாகச் சுருங்கிய பக்கத்தில், ஈரத்துணியை விரித்து அரைமணி நேரம் விடுங்கள். கூழ் சற்று இளகியதும் பலகையின்மேல் வைத்து, நடுவே தாள் விரித்து, அரிசி மூட்டைபோல் உருவத்துக்கேற்பப் படியும் மணல் பைகளை மேலே வைத்து மூன்று நாள் விட்டுவிடுங்கள். செங்கல்லை நேரடியாக வைத்தால் ஓட்டின் புடைப்புகள் நசுங்கும்.

சாயமெல்லாம் பூசி, மாட்டிய பிறகு வளைந்ததென்றால் காரணம் வேறு. முன்பக்கத்துக்கு வார்னிஷ் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை வெறுமனே விட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் பின்பக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. முன்பக்கம் அப்படியே இருக்கிறது. யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விடாமல், முன்புறத்துக்கு எத்தனை பூச்சோ பின்புறத்துக்கும் அத்தனை பூச்சு கொடுங்கள்.

நாற்றம் அடிக்கிறது, பூசணம் பூக்கிறது

ஒரு கார்த்திகை மாத மழையில் நான் செய்த பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை) ஒன்றைப் பற்றிச் சொன்னால் இந்தப் பகுதி எளிதில் விளங்கும். ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் நீளம், உண்மையான ஆமையின் அளவு. ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஐந்தே நாளில் சாயம் பூசி, வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, படுக்கையறையில் ஏதோ புளித்த வாடை வருகிறது என்று அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வாங்கிவந்து இரும்பறுக்கும் ரம்பத்தால் ஓட்டை நடுவில் அறுத்தேன். வெளி ஓடு மூன்று மில்லிமீட்டர் வரை சாம்பல் நிறத்தில் உறுதியாக இருந்தது. அதற்குள் கூழ் கருத்து, விரலால் அழுத்தினால் பழைய சோறுபோல் நசுங்கியது. அட்டையின் பொருத்துகளில் பச்சையும் கருப்புமாகப் பூசணம் வளையம் வளையமாகப் படர்ந்திருந்தது. அந்த ஆமையைக் காப்பாற்ற வழியில்லை. எடை பார்க்கும் வழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

உங்கள் உருவத்தில் வாடை மட்டும் இருந்து, தட்டினால் ஒலி பெரும்பாலான இடங்களில் தெளிவாக இருந்தால், பின்புறத்தில் பென்சில் பருமனுக்கு நாலைந்து துளைகள் இட்டு, மின்விசிறிக்கு எதிரே இரண்டு வாரம் வைத்து, எடையைப் பார்த்துவாருங்கள். எடை நின்றபின் துளைகளைக் கூழால் அடைக்கலாம். நான் அடைப்பதில்லை, பின்புறம்தான் என்பதால் மூச்சுவிடட்டும் என்று விட்டுவிடுவேன். மேற்பரப்பில் மட்டும் பூசணம் இருந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். வித்துகள் காற்றில் பறந்து அறையெங்கும் படியும். ஸ்பிரிட் சிலவகை வார்னிஷையும் சாயத்தையும் கரைக்கும் என்பதால் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். உட்புறம் நசுங்கினால் உருவத்தைக் கைவிட்டுவிடுவதே நல்லது, குழந்தைகளோ மூச்சுத் தொல்லை உள்ளவர்களோ இருக்கும் வீடாக இருந்தால் தயங்கவே வேண்டாம்.

பசையில் சேர்க்கும் காப்புப் பொருளைப் பற்றி ஒரு சொல். மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது புத்தகம் கட்டுவோரிடமும் சுவரொட்டி ஒட்டுவோரிடமும் உள்ள பழைய வழக்கம். பூசணத்தையும் பூச்சியையும் அது தடுக்கும். ஆனால் அது நஞ்சு; அதைக் கலந்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக்கூடாது, குழந்தைகளோடு சேர்ந்து செய்யும்போது அறவே தவிர்க்கவேண்டும். வெண்காரம் (போராக்ஸ்) சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மைதாப் பசைக்கு அது சரி. பெவிகால் கலந்த கூழில் போட்டால் பெவிகால் ரப்பர்போல் திரண்டு, கூழ் கையில் ஒட்டாமல் உருண்டைகளாகிவிடும். அப்படித் திரண்டுபோன கூழை எதுவும் செய்ய முடியாது. சில சொட்டுக் கிராம்புத் தைலம் வீட்டு அளவுக்குப் போதுமானது. முழுக்கக் காயவைப்பதற்கு அது மாற்று அன்று.

பழுப்புக் கறை ஊறி வெளிவருகிறது

வெள்ளைப் பட்டியிலோ வெளிர்நீலச் சாயத்திலோ தேநீர் சிந்தியதுபோல் புள்ளிகள் தோன்றினால் உள்ளே கட்டுக்கம்பியோ ஆணியோ துருப்பிடிக்கிறது. மேலே இன்னொரு பூச்சுச் சாயம் அடித்தால் சில நாளில் அந்தப் பூச்சிலும் ஊறிவரும், ஏனெனில் நீரில் கரையும் சாயம் ஈரமாக இருக்கும்போதே கறையை உறிஞ்சிக்கொள்கிறது. கறையின்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை (ஷெல்லாக்) இரண்டு முறை தடவி, அது காய்ந்தபின் சாயம் பூசினால் கறை அடங்கும். கறை பெரிதாகிக்கொண்டே போனால் கம்பி இன்னும் ஈரத்தில் இருக்கிறது என்று பொருள்; முதற்பகுதிக்குத் திரும்புங்கள்.

மயில்துத்தம் கலந்த பசையும் இரும்புக் கம்பியும் சேரும் இடத்தில் இந்தப் பழுது பன்மடங்காகும். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின்மேல் செம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள்; அப்போது இரும்பு கரைந்துபோகிறது. அதே வேலை உங்கள் கடற்குதிரையின் வாலுக்குள்ளும் நடக்கிறது, சில மாதங்களில் கம்பி இற்று, வால் தானாக ஒடிகிறது. துத்தம் இடும் வழக்கம் உள்ளவர்கள் பிளாஸ்டிக் உறையிட்ட மின்கம்பியைப் பயன்படுத்துவது நல்லது. அலுமினியக் கம்பியும் மயில்துத்தத்துக்குத் தாங்காது.

சிப்பியும் மணலும் பதித்த இடம் மட்டும் கசிகிறது

கடல் உருவம் என்பதால் கடற்கரை மணலையும் சிப்பியையும் பதிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த இடங்களில் மழைக்காலத்தில் மட்டும் வியர்வைபோல் ஈரம் பூத்து, கோடையில் வெண்பொடியாக மாறி, சாயத்தைத் தள்ளிவிடும். காரணம் உப்பு. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து, வறண்ட நாளில் மறுபடி படிகமாகி, ஒவ்வொரு முறையும் சாயப் படலத்தைச் சிறிது தூக்கிவிடுகிறது. பதித்துவிட்ட மணலிலிருந்து உப்பை எடுக்க வழி கிடையாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கவேண்டும். இம்முறை மணலை நல்ல தண்ணீரில் ஆறேழு முறை அலசி, கடைசியாக அலசிய நீரில் சிறிது எடுத்து ஒரு கறுப்புத் தட்டில் ஆவியாகவிடுங்கள். வெள்ளைப் படிவு தெரிந்தால் இன்னும் அலசவேண்டும். குழாய்த் தண்ணீரே உவராக வரும் வீடுகளில் இந்தக் கடைசி அலசலை மழைநீரிலோ குடிநீரிலோ செய்யுங்கள்.

இங்கே பழுதைக் காட்டிலும் பெரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காய்ந்த கடற்குதிரை, பவளம், கடல்விசிறி, ஆமை ஓடு ஆகியவற்றை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கடற்குதிரைகளும் பவளங்களும் 2001இல் அந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டன. யாரோ மலிவாகத் தந்தார்கள் என்று அவற்றை உருவத்தில் பதித்துவிடாதீர்கள். பவளத்தின் சொரசொரப்பு வேண்டுமென்றால் கூழ் ஈரமாக இருக்கும்போது பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குத்திக்கொண்டே போனால் போதும். அருகில் நின்று பார்ப்பவர்கள்கூட வேறுபாடு காணமாட்டார்கள்.

பொடி உதிர்கிறது, ஊசித்துளை தெரிகிறது

உருவத்துக்கு நேர்கீழே தரையில் மாவுபோல் பொடி கிடந்து, மேலே ஊசிமுனைத் துளைகள் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. மைதாவைத் தின்னவே வந்திருக்கிறது. விளிம்புகள் ஒழுங்கற்று அரிக்கப்பட்டுச் சாயம் மட்டும் சுரண்டியதுபோல் இருந்தால் இராமபாணப் பூச்சியாக இருக்கலாம். சிறு உருவமாக இருந்தால் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறையறையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த உருவத்தின்மேல் நீர் பூக்கும். பிறகு துளைகளைப் பட்டியால் அடைத்துவிட்டால், புதிய துளை தோன்றுகிறதா என்று கண்டுகொள்ளலாம். மண் கோடுகள் சுவரிலிருந்து உருவத்துக்கு ஏறியிருந்தால் அது கரையான். அங்கே மருத்துவம் தேவைப்படுவது சுவருக்கு.

சாயம் உரிகிறது, நிறம் மாறுகிறது, வார்னிஷ் வெளுக்கிறது

உரிந்த சாயத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் சாயம் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பட்டிதான் பொலபொலவென்று இருக்கிறது. நீர் கலந்த பெவிகாலைப் பட்டியின்மேல் ஊறவிட்டு இறுகச் செய்யவேண்டும். அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால் எண்ணெய்ச் சாயத்தின்மேல் அக்ரிலிக் சாயம் பூசியிருக்கிறீர்கள், அது பிடிக்காது. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய்ச் சாயம் நிற்கும். தலைகீழாகச் செய்தால் நிற்காது.

கடல்நீலம் ஓராண்டில் பாசிப்பச்சையாக மாறியது என்று பலர் வருந்துவதுண்டு. நீலம் கெடவில்லை. மரத்துக்கு அடிக்கும் எண்ணெய் வார்னிஷ் நாள்பட மஞ்சளாகும். நீலத்தின்மேல் மஞ்சள் கண்ணாடி வைத்தால் பச்சைதானே தெரியும்? நீலமும் வெள்ளையும் மிகுந்த உருவங்களுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டுமே பயன்படுத்துங்கள். பூசிய மறுநாள் பால் படர்ந்ததுபோல் வெளுத்தால், ஈரமான நாளில் அடித்திருக்கிறீர்கள் அல்லது ஒரே பூச்சில் கனமாக அடித்திருக்கிறீர்கள். தலைமுடி உலர்த்தும் கருவியை இரண்டு அடி தள்ளிப் பிடித்து மிதமான சூட்டில் காட்டினால் லேசான வெளுப்பு பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் நுண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வறண்ட நாளில் மெல்லியதாக அடிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நான் வார்னிஷைத் தொடுவதில்லை.

கை, வால், துடுப்பு ஒடிந்துவிட்டது

ஒடிந்த இரு முனைகளிலும் பசை தடவி ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் ஒடியும். இரு முனைகளிலும் மெல்லிய துளை இட்டு, நான்கு சென்டிமீட்டர் கம்பித் துண்டு ஒன்றை இரண்டிலும் பாதிப்பாதியாகச் செருகி, எம்-சீல் வகைப் பிசினால் இறுக்குங்கள். அது முழுவதும் இறுக ஒரு நாள் விட்டு, பிறகு மேலே கூழ் பூசி மறைக்கலாம். மீன் துடுப்புகள் விளிம்பில் பொடிந்து உதிர்வது கூழை மிக மெல்லியதாகத் தட்டியதால் வருவது. அந்த மெல்லிய விளிம்புக்குக் கூழ் ஏற்றதன்று; பெவிகாலில் நனைத்த இரண்டு மடிப்புக் காடாத்துணியை விசிறிபோல் மடித்துக் காயவைத்தால் வஞ்சிரத்தின் வால் எவ்வளவு மெல்லியதாக வேண்டுமோ அவ்வளவு மெல்லியதாகவும் உறுதியாகவும் கிடைக்கும்.

சாய்ந்து தொங்குகிறது அல்லது விழுந்துவிடுகிறது

ஒரே கொக்கியில் மாட்டிய உருவம் தன் எடையின் நடுப்புள்ளி கொக்கிக்கு நேர்கீழே வரும்வரை சுழலும். ஒரு பக்கம் நீளக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் சாய்வது அதனால்தான். கொக்கியை இடம் மாற்றிமாற்றிப் பார்ப்பதைவிட, பின்புறத்தில் ஒரே மட்டத்தில் இரண்டு கொக்கிகள் வைத்து, சுவரில் ரசமட்டம் பிடித்து இரண்டு திருகாணிகள் இடுங்கள். கொக்கி கூழில் பதிந்திருந்தால் போதாது. உள்ளே இருக்கும் கம்பிச் சட்டத்தோடு அது கட்டப்பட்டிருக்கவேண்டும்.

விழுந்த இடத்தில் ஆணியோடு சேர்ந்து சிமென்ட் பூச்சும் பெயர்ந்து வந்திருந்தால், ஆணி பூச்சில் மட்டுமே நின்றிருக்கிறது. உட்சுவரின் பூச்சு ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீட்டர். ஆணி அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகவேண்டும். 6 மில்லிமீட்டர் துளை இட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, 50 மில்லிமீட்டர் திருகாணி போடுங்கள். துளையிடும்போது வரும் தூள் சாம்பல் நிறத்திலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தே எங்கே இருக்கிறீர்கள் என்று அறியலாம். தூள் ஈரமாகத் துளையில் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது; குளியலறைக்கு மறுபுறச் சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் இப்படித்தான் இருக்கும். அங்கே எதையும் மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகள் ஒட்டி, சுவருக்கும் உருவத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஆமை ஆமையாகத் தெரியவில்லை

இதையும் பழுது என்றே கொள்கிறேன், ஏனெனில் இதற்கும் காரணமும் தீர்வும் உண்டு. கடலாமை குளத்தாமைபோல் தெரிந்தால் கால்களைப் பாருங்கள்: விரல்விரலாகப் பாதம் வைத்திருப்பீர்கள். கடலாமைக்கு முன்கால்கள் நீண்ட துடுப்புகள், பின்கால்கள் குட்டையானவை. நம் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் ஓடு கிட்டத்தட்ட நீளமும் அகலமும் ஒத்த இதய வடிவம்; அதன் பக்கத் தகடுகள் இடப்பக்கம் ஆறும் வலப்பக்கம் ஏழுமாகக்கூட அமைவதுண்டு என்பதால், இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துவரவில்லையே என்று அழித்துத் திருத்தவேண்டியதில்லை. பேராமைக்கு ஒவ்வொரு பக்கமும் நான்கே தகடுகள்.

பேய்க்கணவாய் சிலந்திபோல் தெரிந்தால் கைகள் முழுநீளமும் ஒரே பருமனில் இருக்கும். அடியில் பருத்து, நுனியில் நூல்போல் மெலியச் செய்து, கைகளின் அடிப்பகுதிகளைத் தோல்போன்ற மெல்லிய கூழ்ப்படலத்தால் இணைத்துப் பாருங்கள், உருவம் உயிர்பெறும். திருக்கையை மேலிருந்து பார்ப்பதுபோல் சுவரில் வைத்திருந்தால் அதற்கு வாய் வைக்காதீர்கள். வாயும் செவுளும் வயிற்றுப்பக்கம் இருப்பவை. கடற்குதிரை ஏன் பொம்மைபோல் நிற்கிறது என்று தெரியவில்லையென்றால் வாலைப் பாருங்கள்: அது வயிற்றின் பக்கமாகச் சுருளவேண்டும், முதுகின் பக்கமாக அன்று, உருண்டையாக இல்லாமல் சதுர விளிம்போடு இருக்கவேண்டும். தவறாகச் சுருண்ட வாலை அடியில் அறுத்து, முன்பு சொன்னபடி கம்பித் துண்டு செருகித் திருப்பி ஒட்டலாம். ஒட்டிய இடத்தில் புதிய கூழ் சேர்வதால், சாயத்தைத் தொடும் முன் எடை பார்க்கும் வேலையை அன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.